முனுசாமிக்கு ஒரு கோர்ட்டு வேண்டும்

1

போன வாரம் என் மகள் என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள். பதினைந்து வருஷமாக மலாயாக் கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நின்று, வக்கீல்கள் கேட்கும் கேள்விகளை அடுத்தவர் பக்கம் திருப்பிவிட்டே பழகியவன் நான். ஒரு கேள்வி என் பக்கமே வந்து நின்றபோது வேர்த்துவிட்டது.

எஸ்தருக்குப் பதினேழு வயது. அவள் படிக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாதப் போட்டி, இங்கிலீஷில். பயங்கரவாதிகள் என்று சந்தேகப்பட்டுப் பிடிக்கப்பட்டவர்களை அடைத்து வைக்கவும் விசாரிக்கவும் தனி நீதிமன்றங்கள் வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்ற கட்சியில் இவள் பேசுகிறாள். இங்கே கம்யூனிஸ்டுகளோடு நடந்த காட்டுச் சண்டை ஓய்ந்து, அவசரகாலச் சட்டத்தை எடுத்துவிட்டோம் என்று மேளம் கொட்டிய கையோடு, விசாரணையில்லாமல் உள்ளே வைக்க இன்னொரு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பள்ளிக்கூடம் வரைக்கும் இந்தப் பேச்சு வந்துவிட்டது.

"அப்பா, நீங்க கோர்ட்டுலதானே இருக்கீங்க. எனக்கு நாலு பாயின்ட் சொல்லுங்க" என்றாள். அவள் தமிழ் இப்படித்தான் இருக்கும். எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. நான் இப்போது எழுதுகிற இதை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

நான் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். என் மனைவி ஞானம்மா எங்கள் ஊருக்குப் பக்கத்து மானாம்பதிக்காரி. கடல் தாண்டி வந்து இத்தனை வருஷமாகியும் அவள் வாயில் மானாம்பதி அப்படியே இருக்கிறது. "பொண்ணு கேக்குதில்ல, சொல்லேன். வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?" என்றாள்.

சொன்னேன். பாயின்ட் சொல்ல வரவில்லை, முனுசாமியின் கதைதான் வந்தது. எஸ்தர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "அந்த ரூம்ல நீங்க இருந்தீங்க. நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"அவன் தமிழில் சொன்னதை இங்கிலீஷில் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை."

அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், விஷயம் அத்தோடு போயிருக்கும். அந்த வாரமே எங்கள் ஊர் காவாந்தண்டலத்திலிருந்து முனுசாமியின் கடிதமும் வந்து சேர்ந்தது. அவனுக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஊர் கூடப் போகிறதாம். அவன்மேல் குற்றமில்லை என்று மலாயாவிலிருந்து காகிதம் வராவிட்டால் ஏரி மதகை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அந்தக் காகிதம் வரவே வராது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

முனுசாமியும் நானும் காவாந்தண்டலம் காலனியில் எதிரெதிர் வீடு. எங்கள் வீட்டில் ஏசுநாதர் படம், அவர்கள் வீட்டில் எல்லையம்மன் படம். மற்றபடி கூழும் ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டதால் பேனா பிடிக்கக் கற்றேன். அவனுக்கும் அவன் அண்ணன் ஏழுமலைக்கும் மண்வெட்டிதான். அவர்கள் அப்பா ஊர் நீர்க்கட்டி. ஏரியில் தண்ணீர் நிற்கும்போது எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று பார்த்து மதகைத் திறந்து மூடுகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பரம்பரைப் பாத்தியம். சொந்தமாக ஒரு காணி இல்லாத குடும்பத்துக்கு அது ஒன்றுதான் கௌரவம்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஏழுமலையும் முனுசாமியும் கப்பலேறி இங்கே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். ஏழுமலைக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்; மனைவி பச்சையம்மா ஊரிலேயே இருந்தாள். ஜப்பான்காரன் வந்தான். ரயில் பாதை போட சயாமுக்கு ஆள் பிடித்தபோது ஏழுமலையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். முனுசாமி மலேரியாவில் கிடந்ததால் தப்பினான். போனவர்களில் பாதிப் பேர் வரவில்லை. திரும்பி வந்த ஒருவன், ஏழுமலையைக் காய்ச்சலோடு ஒரு கொட்டகையில் பார்த்தேன், அதற்கப்புறம் தெரியாது என்றான். உயிர் போனதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை.

பார்த்தவர் இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் காரியம் செய்ய மாட்டார்கள். செத்துப்போனான் என்று ரத்த உறவு ஒன்று நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சொன்னால்தான் அது சாவு. அப்படிச் சொன்ன அன்றைக்கே பெண்டாட்டியின் தாலி இறங்க வேண்டும். முனுசாமி சொல்லவில்லை. ஊருக்குப் போட்ட கடிதத்தில் எல்லாம், அண்ணன் சயாமில் இருக்கிறது, சேதி வரவில்லை என்றே எழுதச் சொன்னான். பச்சையம்மா பொட்டு வைத்துக்கொண்டு, தாலியோடு காத்திருந்தாள்.

ஆனால் அவனுக்கு உள்ளுக்குள் தெரியும். மாளய அமாவாசை வந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. அண்ணன் எங்கே இருந்தாலும் பசி பசிதானே என்பான். தோட்டத்தின் வடக்கு வேலியோரம் ஒரு இலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, பக்கத்தில் நாலு பீடி வைத்து, காக்காயைக் கூப்பிடுவான். அந்தப் பக்கம்தான் லாரி போனது. காக்காய் வந்து எடுத்தால் அண்ணன் சாப்பிட்டதாகக் கணக்கு.

ஜப்பான்காரன் போய்ச் சில வருஷம் கழித்தும் அமாவாசைக்கு வழக்கம்போல் செய்தான். ஆனால் அந்த வருஷம் அவசரகாலம். கூலிகள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாதென்று அரிசி அளந்து கொடுத்த நாட்கள். வெந்த சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. நம்ம ஆள் மத்தியானம், பட்டப்பகலில், கம்பிக்கு அடியில் இலையைத் தள்ளி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, காட்டைப் பார்த்து "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையனுக்கு அமாவாசை என்ன தெரியும்? துப்பாக்கியை நீட்டிப் பிடித்துக்கொண்டு போனான்.

3

அவன்மேல் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. நேரே தடுப்பு முகாம். சில மாதம் கழித்து, வைத்திருப்பதா விடுவதா என்று பார்க்க ஒரு குழு. மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம், முனுசாமி இந்தப் பக்கம், கதவு சாத்தி. வக்கீல் கிடையாது, சாட்சி கிடையாது. மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். இவனை எனக்குத் தெரியும், எங்கள் ஊர் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். இன்னும் நல்லது, உங்கள் பேச்சு அவனுக்குப் புரியும் என்றான். உள்ளே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினான்.

முனுசாமியை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் பைலை வாசித்தார்கள். நான் சுவரோரம் நின்று கேட்டேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு இலை சோறு, மீன், நாலு பீடி, காட்டுக்குப் பறவைக் குரலில் சைகை கொடுத்தது, அண்ணன் ஒருவன் காணாமல் போயிருப்பது. வேறு ஒரு வரி இல்லை. இவை எதையும் அவனிடம் சொல்லக்கூடாது என்றும் எனக்கு உத்தரவு.

உள்ளே வந்தவன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "தேவண்ணே, நீ கீறியா? நல்லதாப் போச்சி" என்றான்.

சோறு யாருக்கு என்று கேட்டார்கள்.

"எங்க அண்ணனுக்கு வச்சேன், சாமி."

அண்ணன் எங்கே?

"ஜப்பான்காரன் இட்டுக்கினு போனான். வர்ல."

உயிரோடு இருக்கிறானா, செத்துவிட்டானா?

நடுவில் இருந்த வெள்ளைக்காரர் மறுபடி கேட்டார். நான் மறுபடி தமிழில் கேட்டேன். அவன் என்னைப் பார்த்து, மெதுவாக, "இத்தயெல்லாம் எழுதுறாங்களா, அண்ணே?" என்றான். எழுதுகிறார்கள் என்றேன். "அப்போ நான் சொல்ல மாட்டேன். சர்க்காரு காயிதத்துல எழுதினா அது நம்மூரு கர்ணத்துக்குப் பூடும். அண்ணி தாலிய இறக்கிடுவாங்கோ."

இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஒரு எழுத்து விடவில்லை. தாலி, கர்ணம், அண்ணி, எல்லாம் சொன்னேன். அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதினால் ஊருக்குச் சேதி போய்விடும் என்று பயப்படுகிறான், அதனால் மறைக்கிறான், அண்ணன் காட்டில்தான் இருக்கிறான் என்று அவர்கள் முடிவு கட்டியது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. காக்காய் கூப்பிடுவது எங்கள் வழக்கம் என்று சொல்ல நான் "சார்" என்று ஆரம்பித்தேன். நடுவில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளன் மொழிபெயர்த்தால் போதும் என்பது அந்தப் பார்வை. வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் குடியிருக்க சர்க்கார் வீடு, மகள் அப்போது சின்னப் பெண்.

இரண்டு வருஷம் உள்ளே வைத்து, பிறகு கப்பலில் ஏற்றி நாடு கடத்தினார்கள். குற்றம் செய்தான் என்று எங்கும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை.

4

இப்போது எஸ்தரின் தலைப்புக்கு வருகிறேன். தனிக் கோர்ட்டு வேண்டும் என்கிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். காட்டில் இருந்தவர்கள் ஒன்றும் புத்தபிட்சுகள் அல்ல. எனக்குத் தெரிந்த தோட்டத்தில் ஒரு கங்காணி சாட்சி சொல்லப் போய், அடுத்த வாரம் ரப்பர்ப் பால்மரத்தடியில் பிணமாகக் கிடந்தார். பஸ்ஸை நிறுத்தி அடையாளச் சீட்டைப் பிடுங்கிக் கிழித்தார்கள், பஸ்ஸைக் கொளுத்தினார்கள். அப்படிப்பட்ட ஊரில் சாதாரணக் கோர்ட்டு நொண்டும். சாட்சி வரமாட்டான், வாய்தா மேல் வாய்தா போகும், ஜூரி நடுங்கும். நானே பார்த்திருக்கிறேன். இதற்கென்று பழகிய நீதிபதிகளை வைத்து, சாட்சிக்குக் காவல் கொடுத்து, ஒரு கோர்ட்டு சீக்கிரமாக விசாரித்து முடித்தால் அதில் எனக்கென்ன நஷ்டம்? அதன் வாசலில் தனி என்று பலகை மாட்டினாலும் சரி, தங்கம் என்று மாட்டினாலும் சரி.

நான் கேட்பது வேறு. உன்மேல் இன்ன குற்றம் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வார்களா? அவன் பக்கம் பேச ஒரு ஆள் நிற்பானா? அவன் கூப்பிடும் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவார்களா? முனுசாமிக்கு ஒரே ஒரு சாட்சி போதும். லயத்தில் எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாலும், "அய்ய, அமாவாசைக்குக் காக்கா கூப்புட்டான், இதுக்கா இவ்ளோ ரகளை?" என்று சொல்லியிருப்பாள். கோர்ட்டே சிரித்திருக்கும், மத்தியானம் சாப்பாட்டுக்கு அவன் வெளியே வந்திருப்பான்.

கதவைச் சாத்துவதற்காகவே தனிக் கோர்ட்டு என்றால், அது குழுவுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டின கதை. அது எனக்கு வேண்டாம். யாருக்கும் வேண்டாம். இவன் ஆபத்தானவன், இவனுக்கு இவ்வளவு நியாயம் போதும் என்று அளந்து போட ஆரம்பித்தால் அந்த அளவு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகும். அப்புறம் யார் ஆபத்தானவன் என்பதைச் சொல்லும் அதிகாரமும் அளக்கிறவன் கையிலேயே இருக்கும்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். கோர்ட்டு என்றால் கடைசியில் ஒரு தீர்ப்பு உண்டு. தூக்கு என்றாலும் தீர்ப்பு, விடுதலை என்றாலும் தீர்ப்பு. சந்தேகத்துக்கு அது இல்லை. அது கப்பலேறி ஊர் வரைக்கும் கூட வரும். முனுசாமியோடு வந்தது.

5

நாலு வருஷம் முன்னால் லீவில் ஊருக்குப் போனேன். உத்திரமேரூரில் பஸ் மாறும்போது கடையில் பழக்கதோஷத்தில் "கோப்பி ஓ" என்று கேட்டுவிட்டேன். இங்கே பால் இல்லாத காப்பிக்கு அதுதான் பெயர். கடைக்காரர், "இன்னாது ஓ? ஓன்னு கத்துனா காப்பி வருமா?" என்றார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். கால்சட்டையும் பூட்ஸும் போட்டிருந்ததால் உள்ளே பெஞ்சில் உட்காரவைத்து டம்ளரில் கொடுத்தார்கள். சின்ன வயசில் அதே தெருவில் எனக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். பூட்ஸுக்குத்தான் அந்த மரியாதை என்று புரிந்தும், வாங்கிக் குடித்தேன்.

காவாந்தண்டலத்தில் முனுசாமி மெலிந்து போயிருந்தான். அவன் அப்பா காலமாகிவிட, மதகு அவன் கைக்கு வர வேண்டும். ஆனால் ஊரில் வேறு பேச்சு. மலாயாவில் துப்பாக்கி தூக்கினவன், வெள்ளைக்காரனைச் சுட்டவன் என்றார்கள். சின்னப் பிள்ளைகள் அவனைப் பார்த்தால் கையை நீட்டி "டுமீல்" என்று விளையாடின. மாதம் ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போவார். அது ஊர் வாய்க்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

நான் இருக்கும்போதே சாவடியில் ஊர் கூடிற்று. மிராசுதார் வேங்கடாசலம் நடுவில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு நெல் முக்கியம். மதகு சரியான கையில் இல்லாவிட்டால் கடைமடை காய்ந்துவிடும். என்னைப் பார்த்ததும், "வாப்பா தேவசகாயம், நாக்காலி போடுங்கடா" என்றார். காலனிக்காரன் ஒருவனுக்கு அந்தச் சாவடியில் நாற்காலி போட்டது அன்றைக்குத்தான். நான் உட்கார்ந்தேன். முனுசாமி கீழே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நின்றான்.

"சொல்லுடா, முனுசாமி" என்றார் மிராசுதார். "அங்க இன்னாதான் பண்ண? சும்மாவா ரெண்டு வருசம் உள்ள வச்சாங்கோ?"

"அண்ணனுக்குச் சோறு வச்சேன், அய்யா. அத்தத் தவுர ஒண்ணும் பண்ணல."

"உங்க அண்ணன் கீறானா, பூட்டானா? அத்தச் சொல்லு. செத்தவனுக்கு வச்சிருந்தா படையலு. உசுரோட கீறவனுக்குன்னா நீ வேற எவனுக்கோ வச்சேன்னு அர்த்தம்."

குழு கேட்ட அதே கேள்வி. முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தின் ஓரத்தில், பெண்களோடு பச்சையம்மா நின்றிருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இரண்டு வருஷம் முகாமில் கிடந்தும் சொல்லாததை ஒரு மதகுக்காகவா சொல்லப்போகிறான்?

பச்சையம்மா முன்னால் வந்தாள். அந்தச் சாவடிக்கு முன்னால் காலனிப் பெண் பேசி யாரும் பார்த்ததில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவன் சொல்ல மாட்டான், அய்யா. நான் சொல்றேன். அவுரு பூட்டாரு. எப்பவோ பூட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் இத்தக் கயுத்துல போட்டுக்கினு கீறேன். இந்தத் தாலிக்கோசரம்தான் இவன் வாயைத் தொறக்காம உள்ள கெடந்தான். இனிமே யாரும் அவனைக் கேக்காதீங்கோ."

சொல்லிவிட்டு அங்கேயே, எல்லார் முன்னாலும், கழுத்துக் கயிற்றை அவளே கழற்றி முனுசாமியின் கையில் வைத்தாள். அவன் "அண்ணி, அண்ணி" என்று அழுதான். பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். ஏழுமலை அன்றைக்குத்தான் செத்தான்.

மிராசுதாரும் கலங்கிவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பின்னால் இருந்த ஒருவர், "பொம்பள சொல்றது சரிதான். இருந்தாலும் ஒரு கெவுர்மெண்டு ஒண்ணுமில்லாமயா புடிச்சி வச்சிருக்கும்? உள்ள வேற இன்னா கீதோ" என்று ஆரம்பித்தார். அது பரவிற்று. கடைசியில் மிராசுதார் என் பக்கம் திரும்பினார்.

"நீ அங்க கோர்ட்டுலதானே கீற. உனக்கு எதுனா தெரியுமா?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. முனுசாமி பார்க்கவில்லை. அந்த அறையில் நான் இருந்ததை அவன் ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் வேலைக்கு ஆபத்து வரும் என்று அவனாகவே மறைத்திருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. கேட்டு காகிதம் வாங்கி அனுப்புறேன்" என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

அதுவரைக்கும் மதகை அவனே பார்க்கட்டும், காகிதம் வந்தபின் நிரந்தரம் என்று தீர்மானம் ஆயிற்று.

6

காகிதத்துக்கு நான் அலைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஆபீசில், தண்டனை பெற்றவர்களின் பதிவேட்டில் இந்தப் பெயர் இல்லை என்றார்கள். அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். தண்டனை பெறாதவர்களுக்குச் சான்று கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். இரண்டாவது ஆபீசில், விடுதலை ஆனவர் என்றால் கோர்ட்டு நம்பர் என்ன என்று கேட்டார்கள். கோர்ட்டே இல்லை என்றேன். கோர்ட்டு இல்லாமல் எப்படி விடுதலை என்று அந்தக் குமாஸ்தா நிஜமாகவே புரியாமல் கேட்டார். மூன்றாவது இடத்தில் ஒரு பாரம் கொடுத்தார்கள். அதில் குற்றத்தின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாவிட்டால் எடுக்கமாட்டார்களாம். நான் என்ன எழுதுவது? காக்காய் கூப்பிட்டது என்றா? சுதந்திரம் வந்து, ஆட்கள் மாறி, கொடி மாறி, அந்தப் பாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நாலு வருஷம் இப்படிப் போனது. ஒவ்வொரு கடிதத்திலும், விரைவில் வந்துவிடும் என்று முனுசாமிக்கு எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். எஸ்தர் நோட்டை மூடிக்கொண்டு போன அன்றைக்கு அந்தப் பொய்யும் தீர்ந்துபோனது. பச்சையம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் ஊர் நடுவில் நின்று சாட்சி சொல்லி, அதற்குண்டான விலையையும் அங்கேயே கொடுத்தாள். இரண்டு பாஷை தெரிந்த நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதப்போகிறேன் என்று ஞானம்மாவிடம் சொன்னேன். வேலை போகும், வீடு போகும், உள்ளே வைத்தாலும் வைப்பார்கள் என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இத்தினி நாளா இன்னாத்துக்குத் தூங்காம பொரண்டுக்கினு கெடந்தன்னு இப்பதான் தெரியுது. எழுது" என்றாள். எஸ்தர் போட்டியில் தனிக் கோர்ட்டு வேண்டும் என்றுதான் பேசினாள். கட்சி மாற விடமாட்டார்களாம். ஆனால் கதவு திறந்திருக்கும் கோர்ட்டு என்று சேர்த்துப் பேசியிருக்கிறாள். பரிசு கிடைக்கவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

7

காவாந்தண்டலம் ஊராருக்கு, நீங்கள் கேட்ட காகிதம் இதுதான். ஆபீஸ் முத்திரை இருக்காது. சாவடியில் யாராவது உரக்க வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காவாந்தண்டலம் காலனியில் பிறந்த தேவசகாயம் ஆகிய நான் சொல்கிறேன். முனுசாமியை விசாரித்த அறையில் நான் இருந்தேன். மிராசுதார் ஐயா என்னைக் கேட்டபோது தெரியாது என்று நான் சொன்னது பொய். அவன்மேல் இருந்த பைல் முழுவதும் என் காதால் கேட்டது. அதில் துப்பாக்கி இல்லை, தோட்டா இல்லை, யாரையும் சுட்டதாக ஒரு வார்த்தை இல்லை. அண்ணனுக்கு வைத்த ஒரு இலைச் சோறும், காக்காயைக் கூப்பிட்டதும் மட்டுமே இருந்தன. அவன் வாயைத் திறக்காமல் இருந்தது எதற்கு என்று பச்சையம்மா சொன்னது அத்தனையும் சத்தியம். என் வாயாலேயே அதை அந்த அறையில் இங்கிலீஷில் சொன்னேன். மதகு அவனுடையது. அவன் அப்பாவுக்கு எப்படிக் கொடுத்தீர்களோ அப்படியே கொடுங்கள்.

வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் இப்போது சொல்லிவிட்டேன். இது குற்றம் என்று இங்குள்ள மலாயா சர்க்காருக்குத் தோன்றினால் தாராளமாக என்மேல் வழக்குப் போடட்டும். குழு வேண்டாம், வழக்கு. சாதாரணக் கோர்ட்டோ தனிக் கோர்ட்டோ, எதுவானாலும் வருகிறேன். நான் எந்த ரகசியத்தை வெளியே சொன்னேன் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டுமானால் முனுசாமியின் பைலை அங்கே எடுத்து வாசித்தாக வேண்டும். அவன் பெயர் அன்றைக்காவது ஒரு கோர்ட்டில் உரக்கக் கேட்கும்.